யாளிக் கிரீடத்தைச் செய்தது யார்?

மதினி, நீங்கள் பொய் சொன்னீர்கள். வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கிரீடம் எங்க வீட்டுக்காரி சின்னப் பிள்ளையில செஞ்சது" என்று சபை முழுக்கக் கேட்கச் சொன்னபோது, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தீர்கள். அதுவும் பொய்தான்.

சங்கரன்கோவிலில் அந்த வருஷம் என்னோடு விடுமுறை வேதபள்ளியில் பாயில் உட்கார்ந்திருந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நமக்கெல்லாம் முட்டி போய்விட்டது, பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஆனால் ஞாபகம் போகவில்லை. போன அசனத்தன்று, சபை விருந்துக்குச் சோறு வெந்துகொண்டிருந்த நேரத்தில், வாலிபப் பிள்ளைகள் சபை மண்டபத்தில் பழைய பொருட்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். நடுவில் அந்தக் கிரீடம். அடியில் ஒரு அட்டை. அட்டையில் மதினியின் பெயர். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஒருத்தர்கூட, "இது இவ செஞ்சதில்லையா?" என்று என் பக்கம் கை காட்டவில்லை. நான் கிழங்கு மாதிரி நின்றேன். அண்ணன் பேசி முடித்ததும் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டாமல் நின்றால் கிழவிக்குப் பொறாமை என்பீர்கள். ஆமாம், பொறாமைதான். அதற்கு என்ன?

மதினி என் மாமா மகள். அம்மாவின் அண்ணன் மகள். என்னைவிட மூத்தவள், அதனால் பிறந்ததிலிருந்தே எனக்கு மதினி. பின்னால் என் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் இன்னொரு தடவையும் மதினி ஆனாள். தப்பிக்கவே முடியாத உறவு.

அப்பா பம்பு ரிப்பேர் பார்த்தார். வாசுதேவநல்லூர்ப் பக்கமெல்லாம் கிணற்று மோட்டார் கெட்டுப்போனால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் புதிதாக எபாக்சி என்று ஒரு சரக்கு வந்திருந்தது. பெட்டிக்குள் இரண்டு கட்டி. ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. தனித்தனியாக இருக்கிறவரை மாதக்கணக்கில் களிமண் மாதிரிக் கிடக்கும். இரண்டையும் சமமாகக் கிள்ளி ஒன்றாகப் பிசைந்துவிட்டால் பிடித்துக்கொள்ளும், மறுநாள் கல். வெடித்த பம்பு, ஒழுகும் குழாய், எதிலும் அதை அப்பிவிட்டு வருவார் அப்பா. பிசைந்ததில் மிச்சம் இருந்தால் வீணாகுமே என்று எனக்குக் கொடுப்பார். கட்டை விரல் அளவு இருக்கும். அதை வைத்து நான் கிளி செய்வேன், காது செய்வேன், பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மூக்கைச் செய்வேன். செய்ததை ஜன்னல் கம்பியில் ஒட்டிவிடுவேன். ஒட்டினது ஒட்டினதுதான். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியெல்லாம் மூக்கும் காதுமாக இருக்கும். வருகிறவர்கள், "என்ன இது, கம்பிக்கு அம்மை போட்டுருக்கா?" என்று கேட்பார்கள்.

அந்த எபாக்சிக்கு ஒரு வாடை உண்டு. பல்லாஸ்பத்திரி வாடையும் அழுகின எலுமிச்சம்பழ வாடையும் கலந்த மாதிரி. மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவினாலும் போகாது. சோற்றில் வரும். அம்மா, "ஏட்டி, ஒரு கையி பம்பு, ஒரு கையி பொம்பளப் பிள்ளையா?" என்று திட்டுவாள்.

மே மாதம் பிறந்தால் மதினி வந்துவிடுவாள். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த மாமாவின் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஆனால் பகல் பூராவும் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். மணிக்கட்டில் வாட்ச். கூந்தலுக்கு ஷாம்பு. கைக்குட்டையில் எம்பிராய்டரி போடுவாள். பூ போட்டால் பூ மாதிரியே இருக்கும். அம்மா அவளுக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுப்பாள். "ஹாஸ்டல்ல பிள்ள வத்திப் போயிட்டு" என்பாள். மதினி வத்தவில்லை. நன்றாகக் கொழுகொழு என்றுதான் இருந்தாள். நான்தான் வத்தலாக இருந்தேன். எனக்கு ஏன் முட்டை இல்லை என்று கேட்டதற்கு, "நீ இங்கனதான கெடக்க, ஓடியா போயிருவ?" என்றாள். அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. முட்டையை மறந்துவிட்டேன்.

அந்த வருஷ வேதபள்ளி முடிவில் நாடகம் என்று சபையை நடத்தின உபதேசியார் அறிவித்தார். கதையும் அவரே எழுதினது. அகங்காரம் பிடித்த ஒரு ராஜா. கடவுள் இல்லை, எனக்கு மேல் ஒருவரும் இல்லை என்று கர்ஜிப்பான். கடைசியில் ஒரு ஏழைக் கிழவியின் முன்னால் கிரீடத்தைக் கழற்றி வைப்பான். ராஜா என் அண்ணன். உயரமாக இருந்தான், குரல் உடைந்திருந்தது, அது போதும் என்றார் உபதேசியார். "கிரீடத்தை மட்டும் வீட்டுலயே செஞ்சு கொண்டு வாலே, அட்டையில ஜிகினா ஒட்டுனா தீந்துது" என்று அவனிடமே விட்டுவிட்டார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னான். நான் அப்பாவிடம் போய் நின்றேன். அப்பாவிடம் ஒரு பெட்டி எபாக்சி பழசாகி இறுகிக் கிடந்தது. "இது பம்புக்கு ஆவாது. தண்ணி அழுத்தம் தாங்காது. வெயில்ல வச்சா இளகும், எடுத்துக்கோ" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மற்றதெல்லாம் என் கை.

ஓலைக்கொட்டான் ஒன்றைக் கவிழ்த்து அண்ணன் தொப்பியை வைத்து அளவு பார்த்து விளிம்பை வெட்டினேன். ஓலைப் பின்னலின் இடுக்குகளில் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், கனமும் இருக்காது. மேலே கூர் நிற்க அட்டைக் கூம்பு வேண்டும். அதற்கு ஊரில் பஞ்சமா? தறிக்காரர்களுக்கு நூல் சுற்றி வரும் கூம்புகளைத் தெருவில் வீசி வைத்திருப்பார்கள். பொறுக்கி வந்து நுனியை வெட்டி நிறுத்தினேன். நெற்றியில்தான் வேலை. நெற்றியில் நான் ஒரு யாளி முகம் வைத்தேன்.

யாளியை எங்கே பார்த்தாய் என்று அன்றைக்கு என்னைக் கேட்டவர்கள் உங்களில் உண்டு. கோயில் இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு யாளியை எங்கே பார்த்தாய் என்றால்? என்கூடப் படித்தவளின் அம்மா ஒரு நாள் கோயிலுக்குப் போகும்போது என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மண்டபத்துத் தூணில் பிதுங்கின கண்ணும் பல்லும் சுருள் பிடரியுமாக நின்றது. அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. ராஜாவின் அகங்காரத்துக்கு அதைவிடப் பொருத்தமான முகம் எனக்குத் தெரியாது.

நடு மத்தியானம்தான் வீடு ஓயும். தறிச்சத்தம் மட்டும் கேட்கும். மே வெயிலில் எபாக்சி சீக்கிரம் இறுகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிசைய வேண்டும். கறுப்புக் கோடும் வெள்ளைக் கோடும் தெரியாமல், முழுக்கச் சாம்பலாகிறவரை பிசைய வேண்டும். கோடு தெரிந்தால் அந்த இடம் காயாது. விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வழவழப்பாக்க வேண்டும். கண்ணுக்கு போல்ட்டுத் தலையை அழுத்தினேன். பிடரிக்கு உடைந்த ரம்ப பிளேடு. பல்லைச் சீப்பால் அறுத்தேன். மூக்குத் துவாரத்துக்குப் பேனா மூடி. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. மறுநாள் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பேன். டிக் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு நிறையும்.

மதினி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு நாள், "நானும் ஒண்ணு செய்யட்டா?" என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். யாளிக்கு நாக்கு மட்டும் பாக்கி இருந்தது. அதைக் கொடுத்தேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அடுக்களைக்குப் போய் தேங்காய் எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு வந்தாள். முறுக்குக்குப் பிசைகிற மாதிரி.

"மதினி, எண்ணெ தொடக்கூடாது. தண்ணிதான். எண்ணெ பட்டா ஒட்டாது."

"ஏட்டி, மாவு பிசைய எனக்குச் சொல்லித் தாரியா? தண்ணி தொட்டா கையில அப்பும்."

"இது மாவில்ல மதினி."

அம்மா உள்ளேயிருந்து, "மூத்தவ சொன்னா கேக்கணும். வாயாடாதட்டி" என்றாள்.

கேட்டேன். நாக்கு அழகாகத்தான் வந்தது. நடுவில் ஒரு கோடு, நுனி சற்று மடங்கி. எண்ணெய் வழிய வழிய யாளி வாயில் அழுத்தி வைத்தாள். மறுநாள் பார்த்தால் நின்றிருந்தது. மதினி என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினாள்.

பிறகு பெயின்ட். மாமா தங்கக் கலர், சிவப்பு, கறுப்பு என்று மூன்று டப்பா வாங்கி வந்தார். பெயின்ட் அடித்தது மதினி. அதை நான் மறைக்கவில்லை. நன்றாக அடித்தாள். பள்ளமான இடத்தில் கறுப்பைத் தொட்டு, மேட்டில் தங்கத்தைத் தேய்த்து, பிடரி ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக எழுந்து வரும்படி செய்தாள். என் சாம்பல் நிற யாளி பளபளவென்று என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வயிறு எரிந்தது. நான் அத்தனை நாள் தோல் உரியச் செய்ததை யாரும் நின்று பார்க்கவில்லை. அவள் ஒரு மத்தியானம் பிரஷ் பிடித்ததும் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. "கையப் பாரு, மதுரைச் சிற்பி தோத்தான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் பெயின்ட் டப்பா மூடி.

ஒத்திகைக்குக் கிரீடத்தைக் கொண்டுபோன அன்று வந்தது வினை. உபதேசியார் கிரீடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. அண்ணன், அம்மா, அப்பா, மாமா, மதினி, நான், எல்லோரும் இருந்தோம். பிள்ளைகளாகிய நீங்கள் பாயில் இருந்தீர்கள்.

"என்ன இது?"

"கிரீடம் அண்ணாச்சி" என்றான் அண்ணன்.

"அது தெரியுது. நெத்தியில என்னது?"

"யாளி."

"கோயில் தூண்ல இருக்குததை ஜெப வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்துருக்கிய. இதை யாரு செஞ்சது?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். நன்றாக, நகம் பதிய. அப்பா மேலே கூரையைப் பார்த்தார். அம்மாவுக்குப் பயம். கோயிலுக்குள் போனாயா, யார் கூட்டிப்போனது, பிள்ளையை எப்படி வளர்க்கிறீர்கள் என்று கேள்வி வரும். அப்பாவுக்குச் சபையில் பெரிய பேர் கிடையாது. பம்புக்காரர். மத்தியானம் ஆராதனைக்கு வரும்போதும் நகத்தில் கிரீஸ் இருக்கும். இப்போது புரிகிறது. அன்றைக்குக் கிள்ளு மட்டும்தான் புரிந்தது.

மாமா சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். தாலுகா ஆபீஸ் சிரிப்பு.

"அண்ணாச்சி, நம்ம பாப்பாதான். பாளையங்கோட்டையில கைவேலை படிக்கால்லா? அங்கன இதெல்லாம் சொல்லிக் குடுக்காவ. கலையாத்தான் பாக்கணும். அதுக்கு மேல, அந்த ராஜா யாரு? கடவுள் இல்லங்குதவன். அவன் தலையில சிலுவையா இருக்கும்? இந்த மாதிரி கண்டதுதான் இருக்கும்."

உபதேசியார் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு கிரீடத்தைத் தூக்கிப் பிடித்து, "கொள்ளாமே! பாளையங்கோட்டை படிப்புன்னா படிப்புதான்" என்றார்.

பாருங்கள் மக்களே. பம்புக்காரன் மகள் செய்திருந்தால் அது கோயில் தூண். தாலுகா ஆபீஸ்காரர் மகள் செய்ததும் அது கலை. அதே எபாக்சி. அதே பல். ஒரு நிமிஷத்துக்குள் அது மாறிவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். "ஏன் சொல்ல விடல?"

"பேரு போனா போவுது. ஏச்சு வாங்காம தப்புச்சில்லா? சின்னப் பிள்ளைக்கு எல்லாம் மறந்துரும்."

மறந்துரும் என்றாள். அம்மா எத்தனையோ விஷயத்தில் சரியாகச் சொன்னவள். இதில் தப்பு.

மதினியிடமும் கேட்டேன். "நீங்க ஏன் இது ஒங்க வேலை இல்லன்னு சொல்லல?" அவள் காலில் கல் குத்தின மாதிரி நின்றாள். "அப்பா சொன்ன பெறவு நான் எப்பிடிட்டி இல்லன்னு சொல்லுதது?" என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. எல்லாரிடமும் நியாயம் இருந்தது. என்னிடம்தான் கிரீடம் இல்லை.

நாடகத்தன்று கூட்டம் தாங்கவில்லை. தெருக்காரர்கள், தறிக்காரர்கள், சபைக்கு வராதவர்கள்கூட வந்து மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மேடைக்கு வந்ததும் கிரீடத்தின் மேல் வெயில் பட்டுப் பளிச்சென்று அடித்தது. "ஏயப்பா" என்று ஒரு சத்தம். முன் வரிசையில் மாமாவிடம் ஒருவர் குனிந்து ஏதோ கேட்டார். மாமா மதினியைக் காட்டினார். நான் பின்னால் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

அண்ணன் கையை ஓங்கி, "எனக்கு மேல் ஒருவனும் இல்லை!" என்று கத்தினான். தலையை ஒரு ஆட்டு ஆட்டினான்.

யாளியின் நாக்கு கழன்று மேடையில் விழுந்தது. டக்கென்று சத்தம்.

எண்ணெய். வேறொன்றும் இல்லை. வாயிலிருந்து அப்படியே முழுசாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. எனக்குள் ஒரு மகிழ்ச்சி ஏறியது பாருங்கள், தொண்டை வரைக்கும். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும், நான் சொன்னது சரி என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அதற்குள் மதிலில் இருந்த ஒருவன், "ஏலே, பெருமை பேசுன நாக்கு அத்து விழுந்துட்டுலே!" என்று கத்தினான். அவ்வளவுதான். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். சில கிழவிகள் அழுதார்கள். உபதேசியார் நாடகத்தை நிறுத்திவிட்டு மேடையேறி, அந்த நாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பிரசங்கமே செய்துவிட்டார். நாடகம் முடிந்ததும் மதினியைக் கூப்பிட்டு, "நாக்கு அந்த நேரத்துக்கு விழுத மாதிரி எப்பிடி அமைச்ச தாயி?" என்று கேட்டார். மதினிக்கு ஒரு டிபன் டப்பா பரிசு.

அவள் செய்த தப்புக்கும் கைதட்டல். நான் செய்த சரிக்குக் கிள்ளு.

அப்பா மட்டும் அந்த நாக்கை உபதேசியார் மேஜையிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? மறுநாள் இளையரசனேந்தல் பக்கம் ஒரு பம்புக்குப் போய்விட்டார்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகை ஏலத்தில், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் கிரீடத்தையும் வைத்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாமா ஏலம் எடுத்து வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். வருஷங்கள் கழித்து மதினிக்கும் அண்ணனுக்கும் கல்யாணம் ஆனபோது, பித்தளைப் பானை, குத்துவிளக்கு, தையல் மிஷினோடு அந்தக் கிரீடமும் சீராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. நான் செய்ததை என் வீட்டிலிருந்து கொண்டுபோய், என் வீட்டுக்கே சீராகக் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று இறக்கி வைத்ததும் நான்தான்.

அண்ணன் இன்றைக்கும் சொல்லுவான்: "அந்தக் கிரீடத்தப் பாத்துத்தான் இந்தக் கையி வேணும்னு நெனச்சேன்." அவன் ஒத்திகைக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்விட்டு வீட்டுக்குச் சாப்பிட மட்டும் வந்தவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை காலம் நான் சொல்லாததற்கு அதுதான் காரணம். அவன் குடித்தனத்தில் கல் போட வேண்டாம் என்று. அதற்குள் அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள், மாமா போய்விட்டார். உபதேசியாரும் போய்விட்டார். எங்கள் வீட்டில் தெரிந்தவர்கள் என்று மதினியும் நானும், இரண்டு பேர்தான் மிச்சம்.

அசனம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், அடுக்களையில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மதினி பக்கத்தில் வந்து நின்றார்கள். மெதுவாகச் சொன்னார்கள்: "நீதான் செஞ்ச. எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவை தொடைக்கும்போதும் நெனச்சுக்கிடுவேன். அவ்வோகிட்ட, ஒன் அண்ணங்கிட்ட, இனி எப்பிடிச் சொல்லுதது?"

நான் சட்டியைக் கழுவி வைத்தேன்.

மதினி, இப்போது சொல்கிறேன். அடுக்களையில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னது எனக்கு வேண்டாம். அது எனக்கு முன்னாலேயே தெரியும். அண்ணன் ஒன்றும் உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டான். பேரன் பேத்தி எடுத்தாயிற்று. நீங்கள் பெயின்ட் அடித்ததையும் சொல்லுங்கள், நானே எழுந்து நின்று ஆமாம் என்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு உங்கள் மேல் பொறாமை போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். போகாது. அந்தக் கூந்தலையும் அந்த எம்பிராய்டரிப் பூவையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனாலும் வருகிற அசனத்தில், பந்தி போடுவதற்கு முன்னால், அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் மைக்கைப் பிடிக்க வேண்டும். இதைப் படித்த எல்லோரும் அங்கே இருப்பார்கள். கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்: அந்தக் கிரீடத்தைச் செய்தது யார்?